வரிசையில் ஹன்ரோகுவின் இடம்

இடது, வலது. முன்னால் போகிறவனின் குதிகாலை மட்டும் பார், வேறெங்கும் பார்க்காதே என்று சொல்லித்தான் ஷினகாவா சாவடியில் என்னை வரிசைக்குள் தள்ளினார்கள், நானும் பார்க்கிறேன், வைக்கோல் செருப்புக்கு வெளியே பிதுங்கும் வெடித்த குதிகால், வெடிப்புக்குள் செம்மண், இந்தப் பக்கம் செம்மண்ணே கிடையாது, இருபது நாள் நடையில் எங்கிருந்தோ கொண்டுவந்திருக்கிறான். நான் எதையும் கொண்டுவரவில்லை. நான் காலையில்தான் வந்தேன். ஹிராமொரி பிரபு தலைநகர் எடோவுக்குள் நுழைகிறார், நுழையும்போது கூட்டம் பெரிதாகத் தெரிய வேண்டும், ஊரிலிருந்தே அத்தனை பேருக்கும் சோறு போட்டுக் கூட்டிவரக் கட்டுப்படியாகாது, அதனால் கடைசிச் சாவடியில் எசமான் இல்லாத சாமுராய்களை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து நடுநடுவே செருகிவிடுவார்கள். எங்களுக்கு ரோனின் என்று பெயர். அலை மாதிரி திரிகிறவன் என்று அர்த்தமாம், பெயர் மட்டும் அழகு, நான் எங்கேயும் திரியவில்லை, மூன்று வருஷமாக ஒரே அறையில் அப்பாவோடு உட்கார்ந்து குடைக்குக் காகிதம் ஒட்டுகிறேன். இன்றைக்கு என்னைச் செருகியது வெறும் இட்டு நிரப்ப அல்ல. நான் நடக்கிற இடம் ஒருத்தனுடைய இடம். கிஷிதா ஹன்ரோகு என்பவன், இந்தப் பிரபுவின் காலாள், முந்தாநாள் வழியில் ஒரு சத்திரத்தில் காய்ச்சலில் செத்துப்போனான். வரிசைக்குப் பொறுப்பான குரிஹாரா என்னைக் குதிரை லாயத்துக்குப் பின்னால் கூட்டிப்போய் இதைச் சொன்னார். "பட்டியல் மேலிடத்துக்குப் போயாச்சு. இத்தனை பேர், இன்னின்ன பேர்னு. ஒருத்தன் குறைஞ்சா கேள்வி எனக்குத்தான். அவனுக்குன்னு யாரும் கிடையாது, தேடி வரமாட்டாங்க. அவன் இடத்துல நட. மாளிகை முற்றத்துல பேர் வாசிப்பேன். அந்தப் பேருக்கு நீ குரல் குடுத்தா நீதான் ஹன்ரோகு. இன்னிக்கு மட்டும் இல்ல, சாகிற வரைக்கும். வேலை, தங்க இடம், ரெண்டு பேர் சாப்பிடற அரிசி." நான் "என் பேரு" என்று ஆரம்பித்தேன். "உன் பேரு எனக்கு வேண்டாம்," என்றார். அப்பா இருக்கிறார் என்று சொன்னேன். "இருக்கட்டுமே. தெரிஞ்ச பெரியவர்னு சொல்லிக்கோ. அப்பான்னு சொல்லாத. ஹன்ரோகுவுக்கு அப்பா கிடையாது." பிறகு செத்தவனின் மேலங்கியைத் தந்தார். தோள் சரியாக இருந்தது. சின்னதாக இருந்திருக்கலாம், இல்லை பெரிதாக. சரியாக இருந்ததுதான் பிடிக்கவில்லை.

வேண்டாம் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை, அதை ஒளிக்க என்ன இருக்கிறது, இரண்டு பேர் சாப்பிடுகிற அரிசி என்றதும் வாயில் எச்சில் ஊறியது. எச்சில் ஊறுவது சாமுராய்க்கு அழகல்ல என்று எங்கள் பிரபுவின் கல்விக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், பசித்தாலும் பல்குச்சியைக் கடித்துக்கொண்டு சாப்பிட்ட மாதிரி நட என்று. சொல்லிக்கொடுத்த ஆசிரியர் இப்போது எண்ணெய்க் கடைக்காரரின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறார், போன மாதம் தெருவில் பார்த்தேன், கையில் ஒரு கட்டு வெங்காயத்தாள், என்னைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார், பல்குச்சியெல்லாம் இல்லை. என் படிப்பு பதினாலு வயதில் நின்றது. பிரபு வாரிசு இல்லாமல் செத்தார், தலைநகரத்திலிருந்து உத்தரவு வந்தது, கோட்டை போனது, வம்சம் போனது, கூடவே கல்விக்கூடமும், ஒரு பாட்டின் பாதியில், மீதிப் பாதி என்னவென்று இன்றுவரைக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. இடது, வலது. எனக்குப் பின்னால் ஒரு காலடி ஒழுங்கில்லாமல் விழுகிறது. எல்லோரும் ஒன்றாக வைக்கிறார்கள், அதற்குப் பின் ஒரு இழை தள்ளி ஒன்று விழுகிறது, இடது காலைக் கொஞ்சம் இழுக்கிற காலடி. திரும்பிப் பார்க்கக்கூடாது. அண்ணன் குதிரையிலிருந்து விழுந்த பிறகு இடது காலை அப்படித்தான் இழுப்பான். பின்னால் வருகிறவனும் இழுக்கிறான், உலகத்தில் கால் இழுக்கிறவன் என் அண்ணன் ஒருத்தன்தானா, புண்ணாக இருக்கும், செருப்பு அறுந்திருக்கும். நான் வேகம் குறைத்தால் அதுவும் குறைகிறது. வரிசையில் எல்லோரும் அப்படித்தானே குறைப்பார்கள், முட்டாள், நட.

என் வலப்பக்கம் நடப்பவர் முகாசா. அவரும் வாடகை ஆள்தான், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், உதட்டை அசைக்காமல் பேசுகிறார், இருபது ஊர்வலத்தில் நடந்திருக்கிறாராம், நடை யாருக்கு வேண்டுமானாலும் வரும், உதடு அசையாமல் பேசுவதுதான் தொழில் என்கிறார். "தம்பி, தோளை விடு. எதுக்கு இப்படி விறைச்சுக்கிட்டு? நீ நடக்கிறதைப் பார்த்தா நீதான் பிரபுன்னு நினைச்சுக்குவாங்க." நான் தோளைத் தளர்த்தினேன். "செத்தவன் இடமா?" என்றார். எப்படித் தெரியும் என்று பார்த்தேன். "மேலங்கி. மருந்துப் புகை நாத்தம் அடிக்குது. எங்களுக்குக் குடுத்ததெல்லாம் பெட்டியில மடிச்சு வெச்சது." அவர் பதினோரு வருஷமாக எசமான் இல்லாமல் இருக்கிறார். நாற்சந்தியில் நின்று ஆளுயர வாளை ஒரே வீச்சில் உருவிக் காட்டிக் கூட்டம் சேர்த்துப் பல்பொடி விற்றிருக்கிறார். சூதாட்டக் கொட்டகை வாசலில் காவல் நின்றிருக்கிறார். ஒரு விதவைக்குப் பழிவாங்கத் துணையாகப் போய், எதிரியைத் தேடி நான்கு மாதம் அலைந்து, எதிரி வயிற்றுப்போக்கில் போய்ச்சேர்ந்தது தெரிந்து, வழிச்செலவோடு திரும்பியிருக்கிறார். "அந்தம்மா அழுதுச்சு. பழி போச்சேன்னு. நானும் அழுதேன், வேலை போச்சேன்னு." எனக்குச் சிரிப்பு வந்தது, குதிகாலைப் பார்த்துக்கொண்டே அடக்கினேன். "உனக்கு நிரந்தரம்னு சொன்னாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏன் சொன்னேன். அப்பா சொல்வார், உனக்கு வாய் முந்துகிறது என்று. முகாசா "நல்ல விஷயம்" என்றார், உதடு அசைந்தது.

குளிர்காலம் வந்தால் பசை உறைந்துவிடும், அப்பாவின் விரல்கள் அதற்கு முன்பே உறைந்துவிடும், குடையின் மூங்கில் விலாவை மடக்கும்போது விரல் முட்டியில் ஒரு சத்தம் வரும், அவர் அதைக் கேட்காத மாதிரி இருப்பார். கேட்காத மாதிரி இருப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கைவந்த கலை. ஹன்ரோகு ஆகிவிட்டால் அப்பாவுக்கு அடுப்புப் பக்கத்தில் ஒரு இடம் வாங்கிக்கொடுக்கலாம், தெரிந்த பெரியவர், எங்கள் ஊர்க்காரர், பாவம் யாரும் இல்லாதவர் என்று. அப்பா ஒத்துக்கொள்வாரா. ஒத்துக்கொள்வார், ஒன்றும் சொல்லாமல் ஒத்துக்கொள்வார், அதுதான் கஷ்டம். ஒகிட்சு என்கிற எங்கள் குடும்பம் அதோடு முடிந்தது, அண்ணனுக்கு ஊதுபத்தி வைக்க ஒகிட்சு யாரும் இருக்க மாட்டான், பக்கத்து அறைக்காரன் எவனோ வைக்கிற மாதிரி நான் வைக்க வேண்டும். இதையெல்லாம் யோசித்து வருத்தப்படுகிறேன் என்று நினைத்தால், இல்லை. உள்ளே எங்கேயோ ஒரு சந்தோஷம் இருக்கிறது, அரிசியால் வந்தது அல்ல, இதைச் சொல்லத்தான் வேண்டும், ஒகிட்சு ரின்பெய் என்கிற நான் இல்லாமல் போனால் அன்றைக்கு ஓடினவனும் இல்லாமல் போவான். ஹன்ரோகு யாரையும் விட்டு ஓடவில்லை. ஹன்ரோகுவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுச் சாகவில்லை. பின்னால் அந்தக் கால், இடது கால், இழுத்து, இழுத்து.

கோட்டையை ஒப்படைக்கிற நாள். வாங்கிக்கொள்ள வந்த அதிகாரிகள் வீடு வீடாக ஈட்டிகளை எண்ணிக்கொண்டு வந்தார்கள், அப்பா முன்வாசலில் அவர்களோடு நின்றார். அண்ணன் இச்சினோஜோவுக்குப் பத்தொன்பது, பிரபுவுக்குப் பின்னால் அவருடைய வாளை ஏந்திக்கொண்டு உட்காருகிற வேலை, பிரபு போனால் தானும் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டான். எசமானுக்குப் பின்னால் வயிற்றைக் கிழித்துக்கொள்ளக்கூடாது என்று அப்போதே உத்தரவு, மீறினால் குடும்பத்துக்குத் தண்டனை. அப்பா ஒரே ஒரு தடவை "கூடாது" என்று சொல்லிவிட்டு முன்வாசலுக்குப் போய்விட்டார். அண்ணன் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டான். வெள்ளைத் துணி விரித்திருந்தான், ஓரம் சுருங்கியிருந்ததைக் கையால் நீவினான், விருந்தாளிக்குப் படுக்கை போடுகிற மாதிரி. "நான் கத்தியை உள்ள விட்டதும் உன்னைக் கூப்பிடறேன். நீ வந்து பின்னால நில்லு. ஒரே வெட்டு, கழுத்துல. இல்லன்னா ரொம்ப நேரம் ஆகும், வலிக்கும்டா. கட்டின வைக்கோல்ல பழகினியே, அவ்வளவுதான்." நான் சரி என்றேன். சரி என்று சொன்னேன், அதுதான், முடியாது என்று சொல்லியிருந்தால் வேறு யாரையாவது பார்த்திருப்பான். சரி என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் பட்டுப்பூச்சிக்கு இலை பறிக்கிற முசுக்கட்டைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். இலையெல்லாம் புதிதாக விட்டிருந்தது, ஒன்றைக் கிள்ளி மென்றேன், கசக்கவில்லை. முதல் தடவை சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டான், "ரின்பெய்." இரண்டாவது கொஞ்சம் சத்தமாக. மூன்றாவதில் பாதிப் பெயர்தான் வந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன், சுவரில் முசுக்கட்டை நிழல் ஒரு சாண் ஏறுகிற வரைக்கும் பொத்திக்கொண்டிருந்தேன், எடுத்தபோது ஒன்றும் கேட்கவில்லை. வயிற்று நோயில் இறந்தான் என்று அப்பா எழுதிக்கொடுத்தார். அதில் என்ன பொய் என்று சில நேரம் எனக்குச் சிரிப்பு வரும், அந்தச் சிரிப்பு வரும்போது என்னை எனக்குப் பயமாக இருக்கும். நான் ஆற்றங்கரையில் இருந்தேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. கேட்காமலேயே சொன்னேன்.

விலகு, விலகு என்று முன்னால் கத்துகிறார்கள், தெருவில் மீன்கூடைக்காரன் ஒருவன் ஓரமாக ஒதுங்குகிறான், கூடையில் மத்தி மீன், எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு கிடக்கிறது எங்களை மாதிரி. பாலம் தாண்டியாயிற்று. மாளிகைத் தெருக்கள் ஆரம்பித்துவிட்டன, நீள வெள்ளைச் சுவர், சுவருக்குப் பின் சுவர். எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை, என் இடது கை தானாக வாளின் பிடியைக் கீழே அழுத்தியது, தலை குனிந்தது, ஒன்று, இரண்டு, மூன்று அடி, பிறகு நிமிர்ந்தது. நிமிர்ந்த பிறகுதான் பார்த்தேன், இடப்பக்கம் ஒரு வாசல், கருப்புத் தூண், அது எங்கள் பிரபுவின் பழைய எடோ மாளிகை, இந்த ஊருக்கு வந்த புதிதில் அப்பா காட்டியது. இப்போது வேறு எவரோ இருக்கிறார், கதவில் வேறு சின்னம். எசமான் வாசலைத் தாண்டும்போது பெருவிரலால் பிடியை அழுத்து, மூன்று அடிக்குத் தலை தாழ்த்து, நிற்காதே என்று ஆறு வயதிலிருந்து அடித்துப் பழக்கினது. எசமான் இல்லை, வாசலும் அவருடையது இல்லை, என் கழுத்துக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை. ஹிராமொரி பிரபுவின் காலாள் ஹன்ரோகு எதற்காக வேற்று வாசலுக்குக் குனிய வேண்டும். வரிசையின் ஓரத்தில் நடந்த குரிஹாரா என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். போச்சு, இரண்டு பேர் அரிசியும் போச்சு, கழுத்து ஒன்றால் போச்சு. முகாசா நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார், "எல்லாரும் குனிஞ்சவங்கதான். எனக்கு மூணு வருஷத்துல நின்னுச்சு. அப்புறம் ஒரு நாள் அந்த வாசலையே மறந்து தாண்டிப் போயிட்டேன். வீட்டுக்குப் போய்தான் ஞாபகம் வந்துச்சு. அன்னிக்குச் சோறு இறங்கல." பின்னால் அந்தக் கால் நின்றுவிட்டது. உண்மையாக நின்றுவிட்டது. காது முழுக்கத் தீட்டிக்கொண்டு கேட்டேன், எல்லாக் காலும் ஒன்றாக விழுந்தன, இழுக்கிற கால் மட்டும் இல்லை, அந்த வாசலிலேயே நின்றுகொண்ட மாதிரி. அது தொடர்ந்து வந்தபோது பயம், இப்போது வரவில்லை என்றதும் இன்னும் பயம், எனக்கு என்னதான் வேண்டும்.

முற்றத்தில் சரளைக் கல். பிரபு உள்ளே போய்விட்டார், பல்லக்குத் தூக்கிகள் துண்டால் கழுத்தைத் துடைக்கிறார்கள், நாங்கள் வரிசையாக ஒரு முழங்கால் ஊன்றி உட்கார்ந்திருக்கிறோம், கல் முட்டியில் குத்துகிறது. குரிஹாரா பட்டியலைப் பிரித்தார். வாசல் விஷயத்தை அவர் பேசவில்லை, பேசுகிற நேரம் இது இல்லை, இல்லாவிட்டால் அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அவருக்கு வேண்டியது கணக்குச் சரியாக இருப்பது, சுவரோரம் உட்கார்ந்திருக்கிற மேலிடத்து ஆள் தலையை ஆட்டுவது. பெயர், "உள்ளேன்." பெயர், "உள்ளேன்." கல்விக்கூடத்திலும் இப்படித்தான், நான் எப்போதும் அடுத்தவன் பெயர் முடிவதற்குள் கத்திவிடுவேன், அடி வாங்குவேன். "கிஷிதா ஹன்ரோகு." மூச்சை இழுத்தேன். வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது, சத்தியமாக இருந்தது. ஆனால் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, பதில் வராத அந்த இடைவெளி இருக்கிறதே, அது எனக்குத் தெரிந்த இடம். அந்த இடைவெளிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். செத்தவன் ஒருத்தனைக் கூப்பிடுகிறார்கள், உயிரோடு இருக்கிறவன் பதில் சொல்லப்போகிறான், அன்றைக்கு உயிரோடு இருந்தவன் கூப்பிட்டான், உயிரோடு இருந்த நான் பதில் சொல்லவில்லை, இன்றைக்கு மட்டும் அரிசிக்காக எந்த வாயால் உள்ளேன் என்பது, அதுவும் அண்ணனுக்குச் சொல்லாததை எவனோ ஒருத்தனுக்கு. குரிஹாரா தலை தூக்கவில்லை. அவர் நல்லவர்தான், இரண்டாவது தடவையும் வாசித்தார், கொஞ்சம் சத்தமாக. "கிஷிதா ஹன்ரோகு." மூன்றாவது தடவை கூப்பிட விடாதே, ரின்பெய், மூன்றாவது தடவை பாதிப் பெயர்தான் வரும், சொல்லு, சொல்லு. "உள்ளேன்," என்றது ஒரு குரல். என் வலப்பக்கத்திலிருந்து. முகாசா. குரிஹாரா நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மேலிடத்து ஆளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "குரல் மாறியிருக்கே," என்றார். "வழியில காய்ச்சல், ஐயா. இப்ப தேவலை," என்றார் முகாசா. வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். குரிஹாரா தூரிகையை நனைத்துப் பட்டியலில் ஒரு கோடு இழுத்தார், அடுத்த பெயரை வாசித்தார்.

மேலங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியேறினேன், வெளிவாசலில் முகாசா ஓடிவந்து பிடித்தார். "திட்டணும்னா திட்டிக்கோ, தம்பி. ஆனா நீ வாயத் திறக்கல. நான் பதினோரு வருஷமா வாயத் திறந்துக்கிட்டு நிக்கிறேன்." திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணோரம் நனைந்திருந்தது, வியர்வையாகவும் இருக்கலாம், எனக்கென்ன. "உங்களுக்கு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். "இருந்தாங்க. ஹன்ரோகுவுக்கு யாரும் இல்ல." அவ்வளவுதான், உள்ளே போனார், காவலாள் தலை தாழ்த்தி வழிவிட்டான். நான் நடந்தேன், என் இஷ்டத்துக்கு, வலது இடது, யாருடைய குதிகாலும் முன்னால் இல்லை. கோபமாக இருக்க வேண்டும். அழுகை வர வேண்டும். இரண்டும் இல்லை, நெஞ்சு லேசாக இருந்தது, நிம்மதி, வேறு பெயர் அதற்கு இல்லை. அரிசிக் கடை வரைக்கும் அதை அனுபவித்துக்கொண்டு வந்தேன், அங்கேதான் கால் நின்றது. இந்த நிம்மதி எனக்குத் தெரியும். முசுக்கட்டைத் தோட்டத்தில் காதிலிருந்து கையை எடுத்தபோது, ஒன்றும் கேட்காதபோது, முதலில் வந்தது துக்கம் அல்ல. இதுதான் வந்தது. இதே லேசு. மூன்று வருஷம் அதைத் துக்கம் என்று சொல்லிக்கொண்டு ஊதுபத்தி வைத்திருக்கிறேன்.

எங்கள் சந்தில் வெயில் சாய்ந்துவிட்டது, ஒட்டி முடித்த குடைகளை அப்பா வெளியே விரித்துக் காய வைத்திருந்தார், எண்ணெய்க் காகித வாசம், குடைகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்துப் போக வேண்டியிருந்தது. கதவுக்கு வெளியே நின்றேன். வேலைக்கு எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம், அவரும் அதற்கு மேல் கேட்கமாட்டார், நாளைக்குப் பசை காய்ச்சலாம், இப்படியே ஒரு ஆயுள் போய்விடும். உள்ளே தூரிகை காகிதத்தில் உரசுகிற சத்தம். "யாரு?" என்றார். "நான்தான், ரின்பெய்." செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். "எடுத்தாங்களா?" "இல்லப்பா." தூரிகை ஓடிக்கொண்டிருந்தது. "கூப்பிட்டாங்க. ரெண்டு தடவை. நான்தான் பதில் சொல்லல." அப்பா விலாவின் மேல் காகிதத்தை நீவிக் காற்றை ஓரத்துக்குத் தள்ளினார். நான் சொன்னேன், "அப்பா, அன்னிக்கு நான் ஆத்தங்கரையில இல்ல. முசுக்கட்டைத் தோட்டத்துல இருந்தேன். அண்ணன் என்னைத்தான் கூப்பிட்டான். எல்லாம் கேட்டுச்சு. மூணு தடவையும்." அப்பா தூரிகையைப் பசைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தார். அது உருண்டது, பிடித்து மறுபடி வைத்தார். முன்வாசலில் அவர்கள் ஈட்டி எண்ணிக்கொண்டிருந்த பக்கம் பார்க்கிற மாதிரி கதவைப் பார்த்தார்.

"நாலு," என்றார். "நாலாவது தடவை என்னைக் கூப்பிட்டான்."